தேரை மோந்த தேங்காயும் பால் குடித்த சாரையும்

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் தேரை மீது ஒரு பழியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். காயை உரித்து உடைத்தால் உள்ளே பருப்பும் இருக்காது, தண்ணீரும் இருக்காது. 'தேரை மோந்துட்டுது' என்று சொல்லி ஓரமாக வீசிவிட்டு அடுத்த காயை எடுப்பார்கள். இந்த இதழுக்கு வரும் கேள்விகளிலும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு இதைப் பற்றித்தான்: 'தேரை மரத்தில் ஏறாமல் இருக்க என்ன மருந்து வைக்கலாம்?'

தேரை தரையில் வாழும் பிராணி. பகலில் கல்லிடுக்கிலும் தொட்டிக்கு அடியிலும் ஒண்டிக் கிடக்கும், இருட்டிய பிறகு வெளியே வரும். நாற்பது அடித் தென்னையில் ஏறும் பிடிப்பு அதன் காலுக்குக் கிடையாது. அதைவிட முக்கியம், தேரைக்குப் பல்லே இல்லை. நாக்கை நீட்டிப் பூச்சியை ஒட்டி இழுத்து அப்படியே விழுங்குவதுதான் அதற்குத் தெரிந்த சாப்பாட்டு முறை. அரிவாளுக்கே வளைந்து கொடுக்கும் மட்டையையும் ஓட்டையும் தாண்டி அது எப்படி இளநீரைக் குடிக்கும்?

காய் ஒல்லியாகவும் உள்ளே வெறுமையாகவும் போவதற்குக் காரணம் வேர்ப்பக்கத்தில் இருக்கிறது. சாம்பல் சத்துக் குறைவு, போரான் குறைவு, மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காதது ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும். இதை 'ஒல்லிக்காய்' என்கிறோம். வழக்கமாக வைக்கும் உரத்தோடு, மரம் ஒன்றுக்குக் கூடுதலாக 2 கிலோ மியூரேட் ஆஃப் பொட்டாஷும் 200 கிராம் போராக்ஸும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வைக்க வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. முதல் வருடம் வைத்துவிட்டு 'ஒன்றும் தெரியவில்லையே சார்' என்று வருகிறவர்கள் உண்டு. பாளை உருவாவதில் தொடங்கிக் காய் முற்றுவது வரை தென்னைக்கு ஆகும் காலத்தைக் கணக்குப் பார்த்தால், ஒரே வருடத்தில் பலன் கேட்பது நியாயமில்லை என்று புரியும்.

காய் சிறுத்து, மேல் மட்டையில் பழுப்பு நிறத்தில் வெடிப்பு ஓடியிருந்தால் அது வேறு கதை. ஈரியோபைட் சிலந்தி. குரும்பையின் தொப்பிக்குக் கீழே வெளிறிய முக்கோணத் திட்டு முதலில் தெரியும், பிறகு பழுப்பாகும். 1998-ல் கேரளத்தில் தென்பட்டு, பிறகு நம் பக்கம் பரவியது. இரண்டையும் 'தேரை' என்ற ஒரே பெயரில் அடைத்துவிட்டால் எந்த வைத்தியமும் சரியாகச் செய்ய முடியாது. தோப்பில் பார்த்தேன் என்று ஒருவர் கொண்டுவந்து காட்டிய தேரை, பாவம், மரத்தடியில் கரையான் பொறுக்கிக்கொண்டிருந்தது.

தேரையைத் தொட்டால் மரு வரும் என்பதும் உண்மையில்லை. மரு ஒரு வைரஸால் வருவது. ஆனால் ஒன்று உண்டு. தேரையின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புடைத்த சுரப்பி இருக்கிறது. அழுத்தினால் பால் மாதிரி நஞ்சு கசியும். நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளுவதற்குக் காரணம் அதுதான். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதே கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். அவ்வளவுதான்.

தோலால் தண்ணீர் குடிக்கும் தவளை

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத்தில் உட்கார்ந்தால் போதும், வயிற்றுப் பக்கத் தோல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மூச்சின் ஒரு பகுதியும் தோல் வழியாகத்தான். இதைக் கேட்டு ஆச்சரியப்படுவதோடு நிற்காமல் ஒரு படி மேலே யோசித்துப் பாருங்கள். வயலில் தெளிக்கும் மருந்து தண்ணீரில் கலந்தால் அது தவளையின் உடம்புக்குள் நேராகப் போகிறது. தலைப்பிரட்டைப் பருவத்தில் இன்னும் மோசம். நடவு முடிந்த கையோடு, பூச்சி வருவதற்கு முன்னாலேயே 'ஒரு ரவுண்டு அடிச்சுடுவோம்' என்று தெளிக்கிறோமே, அந்த ரவுண்டில் முதலில் போவது நமக்குக் கூலி வாங்காமல் வேலை பார்க்க வந்த கூட்டம்.

எண்பதுகளில் தவளைக்கால் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானது இளைய விவசாயிகள் பலருக்குத் தெரியாது. பெரிய வயல் தவளைகளை ராத்திரியில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு போய்ச் சாக்கில் பிடித்து வந்து, காலை மட்டும் வெட்டி உறைய வைத்து, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். தவளை குறைந்தால் பூச்சி பெருகும், அதை அடக்க மருந்து வாங்கும் செலவு ஏற்றுமதி வருமானத்தைத் தின்றுவிடும் என்று சூழலியலாளர்கள் வாதாடினார்கள். 1987-ல் மத்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. நல்ல காரியம். ஆனால் சாக்கில் போன தவளைக்குத் தடை போட்டோம், தெளிப்பானில் போகிற தவளைக்கு இன்னும் போடவில்லை.

அந்தப் பெரிய வயல் தவளை பற்றி ஒவ்வொரு பருவமழையிலும் ஒரு பீதி கிளம்பும். 'எங்க ஊர்ல எலுமிச்சம்பழக் கலர்ல தவளை வந்திருக்கு சார், விஷமா?' என்று செல்போனில் வீடியோ அனுப்புவார்கள். அது புதுத் தவளை இல்லை. வருடம் முழுக்கப் பாசி நிறத்தில் கிடக்கும் அதே ஆண் தவளைதான், முதல் நல்ல மழை பெய்ததும் பளீர் மஞ்சளுக்கு மாறுகிறது. தொண்டைக்கு இரண்டு பக்கமும் நீல நிறப் பை ஊதிக்கொள்ளும். பெண் தவளையைக் கூப்பிடும் கல்யாண அலங்காரம். சில நாட்களில் பழைய நிறம் திரும்பிவிடும்.

தவளைக்குக் கல்யாணம் பண்ணி வைத்தால் மழை வரும் என்ற நம்பிக்கையோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஊர் கூடி ஒரு வேளை சாப்பிடுகிறார்கள், போகட்டும். ஆனால் காரணமும் காரியமும் அங்கே இடம் மாறியிருக்கின்றன. காற்றில் ஈரம் ஏறி, மண் நனைந்த பிறகுதான் தவளை கத்தும்; மழை அதைக் கூப்பிடுகிறது, அது மழையைக் கூப்பிடுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஊதாத் தவளை என்று ஒன்று இருக்கிறது. ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் கரையான் தின்று வாழ்ந்துவிட்டு, முதல் பருவமழையில் சில நாட்கள் மட்டும் முட்டையிட மேலே வரும். அந்தப் பக்கத்து மக்களுக்கு அதை முன்பே தெரியும் என்றாலும், அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது 2003-ல்தான்.

அரணை, பல்லி, உடும்பு

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதனைக் கொல்லும் விஷமுள்ள பல்லி இனம் எதுவும் இந்தியாவில் இல்லை. 'அரணை நக்கினால் மரணம்' என்பது எதுகைக்காகப் பிறந்த பயம். வரப்பிலும் சருகிலும் பளபளவென்று ஓடும் அரணை பூச்சி தின்னும் சாது. ஓணானும் அப்படித்தான், பிள்ளைகள் ஈர்க்கில் சுருக்குப் போட்டு அதைப் பிடிப்பதைப் பார்த்தால் கொஞ்சம் அதட்டி வையுங்கள்.

பல்லி விழுந்த சாப்பாடு விஷம் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பல்லிக்கு விஷம் கிடையாது, ஆனால் அதன் உடம்பிலும் எச்சத்திலும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். அதனால் அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிடுவதுதான் சரி. உடும்பு எலி, நண்டு, முட்டை தின்னும்; கோழிக்குஞ்சையும் தூக்கும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் உடும்புக் கறி முதுகுவலிக்கு நல்லது, உடும்புத் தைலம் அதற்கு நல்லது இதற்கு நல்லது என்று வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உடும்பு இருக்கிறது. யானைக்கும் புலிக்கும் உள்ள பாதுகாப்பு. வைத்திருந்தாலே ஜெயில்தான்.

மண்ணுளிப் பாம்பும் அப்படியே. வால் மழுங்கி, தலை மாதிரியே இருப்பதால் 'இருதலை' என்று பெயர். ஆறு மாதம் ஒரு தலை, ஆறு மாதம் மறு தலை என்பதெல்லாம் கதை. எதிரி வந்தால் தலையைச் சுருளுக்குள் மறைத்துக்கொண்டு வாலைக் காட்டும், அடி வாலோடு போகட்டும் என்று. நக்கினால் குஷ்டம் வரும் என்று அதை அடித்துக் கொன்ற காலம் போய், இப்போது கோடி ரூபாய் பெறும் என்று பிடித்து விற்கும் காலம் வந்திருக்கிறது. இரிடியம் கலசம் விற்ற அதே கூட்டம்தான் இதையும் விற்கிறது. வாங்கியவனுக்குப் பணமும் போகும், வனத்துறை வழக்கும் வரும். நமக்கு அது மண்ணுக்குள் புகுந்து எலி பிடிக்கும் பாம்பு, விஷமில்லாதது.

இன்னொன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எருக்குழியிலும் பூந்தொட்டியிலும் மண்புழு மாதிரி கறுப்பாக, மினுமினுப்பாக நெளியும் புழுப்பாம்பு. காதுக்குள் போய்விடும் என்று பயந்து மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். அது எறும்பு, கரையானின் முட்டையையும் புழுவையும் தின்று வாழ்வது. அந்த இனத்தில் ஆணே கிடையாது. அத்தனையும் பெண்; இணை சேராமலே முட்டையிட்டுப் பெருகும். ஒரே ஒரு பாம்பு ஒரு செடித்தொட்டி மண்ணோடு கப்பலேறினால் போதும், போன நாட்டில் ஒரு குடும்பம் உண்டாகிவிடும். அப்படித்தான் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

சாரை பால் குடிக்கிறதா?

'காலையில் கறக்கப் போனா மடி வத்திக் கிடக்கு. ராத்திரி சாரை வந்து மாட்டோட பின்னங்காலைப் பின்னிக்கிட்டு குடிச்சிட்டுப் போயிடுது.' டெல்டாவில் நான் வேலை பார்த்த வட்டாரத்தில் ஒரு பெரியவர் இதை அடித்துச் சொன்னார். காம்பில் கீறல் தடமும் காட்டினார்.

'ஐயா, சாரை வாயைத் திறந்து பார்த்திருக்கீங்களா? ஊசி ஊசியா உள்பக்கமா வளைஞ்ச பல்லு. அந்த வாயால காம்பைப் பிடிச்சா உங்க மாடு சும்மா நிக்குமா? கொட்டகையே பறந்துடாது?'

அவர் சிரித்தார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. கால்நடை மருத்துவரைக் கூட்டி வந்து காட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மடிநோய். வீக்கமோ, திரிந்த பாலோ இல்லாமல், பால் மட்டும் குறைந்துகொண்டே வரும் வகை. வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சாரைக்குப் பயந்து தொழுவத்தைச் சுற்றி நாற்பது நாள் சாம்பிராணி போட்டிருக்கிறார். அந்த நாற்பது நாளும் கிருமி மடிக்குள் இருந்திருக்கிறது. ஒரு காம்பு கடைசியில் அடைத்தேவிட்டது.

பாம்புக்கு உறிஞ்சும் உதடும் கன்னமும் கிடையாது. பால் அதன் உணவும் இல்லை. குட்டிக்குப் பால் கொடுக்கும் வம்சத்தில் வராத பிராணி அது. பாம்பாட்டி வைத்திருக்கும் நல்ல பாம்பு பால் குடிக்கிறதே என்றால், பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் எதை நீட்டினாலும் குடிக்கும். தொழுவத்துக்குச் சாரை வருவது உண்மைதான். தவிடும் புண்ணாக்கும் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்துக்குச் சாரை வரும். பால் குறைந்தால் முதலில் கன்று இரவில் அவிழ்த்துக்கொண்டு ஊட்டுகிறதா என்று பாருங்கள், அடுத்து மடியைக் காட்டுங்கள்.

சாரை மேல் இருக்கும் மற்ற புகார்களையும் பார்த்துவிடலாம். வாலால் அடித்தால் உடம்பு அழுகும் என்பது பொய். நல்ல பாம்போடு பிணையும் என்பதும் பொய். இரண்டும் வேறு வேறு குடும்பம். இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு ஆளுயரம் எழும்பி ஆடுவதைப் பார்த்து, வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் புரள வைத்துப் பெட்டியில் பூட்டி வைத்தால் செல்வம் சேரும் என்பார்கள். அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் மல்யுத்தம். யார் தலையை யார் தரையில் அழுத்துவது என்ற போட்டி, தோற்றது போய்விடும். வேட்டி அழுக்கானதுதான் மிச்சம்.

வயல் எலிக்கு மூன்று வாரம்தான் சினைக்காலம். ஒரு ஈற்றில் ஆறு ஏழு குட்டி போடும், வளைக்குள் கதிரை வெட்டிச் சேமித்தும் வைக்கும். தஞ்சாவூர் கிட்டி வைக்கிறோம், ஆந்தை உட்காரக் குச்சி நடுகிறோம், ஜிங்க் பாஸ்பைடு வைக்கிறோம். இதில் எதுவும் வளைக்குள் நுழைந்து குட்டியோடு சேர்த்துத் தின்பதில்லை. சாரை நுழையும். அதைக் கண்டவுடன் கம்பெடுப்பவர்கள் அடுத்த மாதம் எலி மருந்துக்கு எங்கள் அலுவலகத்தில் வந்து நிற்பார்கள்.

கொம்பேறி மூக்கன் கடித்தால், கடிபட்டவனைச் சுடுகாட்டில் எரிக்கும் புகையைப் பார்த்த பிறகுதான் மரத்தை விட்டு இறங்கும் என்பார்கள். அதற்கு ஆளைக் கொல்லும் விஷமே கிடையாது. தவளையும் ஓணானும் தின்று மரத்தில் வாழும் ஒல்லிப் பாம்பு. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்துமா என்றால், முகத்தருகே போனால் எந்தப் பாம்பும் முகத்தில்தான் போடும். அதன் விஷமும் மனிதனுக்கு ஆபத்தில்லாதது. விரியன் குட்டிகள் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிறக்கும் என்பதும் தவறு. கண்ணாடி விரியன் முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து பொரித்துக் குட்டியாக ஈனும். ஒரே ஈற்றில் இருபது முப்பது கூட இருக்கும். தாய் நலமாகத்தான் இருப்பாள்.

கடித்த பிறகு வரும் பொய்கள்

இதுவரை சொன்னவற்றால் பெரிய நஷ்டம் வந்தால் ஒரு மாடு, ஒரு தோப்பு. இனி சொல்லப்போவதில் போவது உயிர்.

2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பதாக ஒரு பெரிய ஆய்வு 2020-ல் கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள், ஆஸ்பத்திரி போய்ச் சேராமல் வீட்டிலேயே இறந்தவர்கள். அதாவது நாம்.

இவ்வளவு சாவுக்கும் முக்கியமான காரணம் நான்கு பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் முந்நூறுக்கு மேற்பட்ட பாம்பு இனங்கள் இருக்கின்றன, அதில் விஷமுள்ளவை அறுபது போலத்தான். விஷப்பாம்பே கடித்தாலும் ஒவ்வொரு முறையும் விஷத்தை இறக்குவதில்லை. வெறும் பல்லோடு விடும் கடியும் உண்டு. மந்திரிக்கிறவர்களுக்கும், விஷக்கல் வைக்கிறவர்களுக்கும், பச்சிலை அரைத்துக் கொடுக்கிறவர்களுக்கும் பெயர் கிடைத்தது இந்த இடத்தில்தான். பத்துப் பேர் வந்தால் பலர் எப்படியும் பிழைக்கிறவர்கள். விஷம் இறங்கியவன் செத்தால் 'நேரம் சரியில்லை' என்பார்கள். பிழைத்தவர்களின் கதை ஊர் ஊராகப் போகும், செத்தவன் கதை அவன் வீட்டோடு நின்றுவிடும். மிளகாய் காரம் தெரிகிறதா, வேப்பிலை கசக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதும் இதே கணக்குதான். விஷத்தைக் காட்டும் சோதனை அது இல்லை. நேரத்தைத் தின்னும் சோதனை.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள், இரண்டிரண்டாக. கழுத்துப் பக்கம் மங்கலாகவும் வால் பக்கம் தெளிவாகவும் இருக்கும். இரவில்தான் நடமாட்டம், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கும். பல் சிறியது. கடித்த இடத்தில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, சில சமயம் தடம்கூடத் தெரியாது. 'கடிச்சா தெரியாமலா போகும்?' என்று கேட்பவர்களுக்கு: தெரியாமல்தான் போகிறது.

ஒரு சம்பா அறுவடையின்போது களத்தில் நெல்லுக்குக் காவலாகக் குடும்பத்தோடு படுத்திருந்த ஒரு பெண், விடியற்காலை மூன்று மணிக்கு வயிற்று வலி என்று எழுந்தார். ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். வாந்தி எடுத்தார். விடிந்தபோது கண் இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. 'தூக்கக் கலக்கம்' என்றார் ஒருவர், 'காத்துக் கருப்பு' என்றார் இன்னொருவர். கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டார்கள். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது மணி பதினொன்று. பாயைச் சுருட்டியபோது அடியில் அது இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

அடுத்த வருடம் அதே ஊரில் பன்னிரண்டு வயதுப் பையன். ராத்திரி வயிற்று வலி என்றதும் அவன் பாட்டி கேட்ட முதல் கேள்வி, 'எங்கடா படுத்திருந்தே?' 'கீழே ஆத்தா' என்றான். கிழவி யாரையும் யோசிக்க விடவில்லை. பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை. மூச்சு திணறியபோது வென்டிலேட்டர் வைக்க ஆள் இருந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தான். தரையில் படுத்தவர் ராத்திரியில் காரணமில்லாமல் வயிற்று வலி என்றாலோ, இமை சொக்கிக்கொண்டு வந்தாலோ, பாம்பைப் பார்க்கவில்லை என்றாலும் பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் வீட்டில் படித்துக் காட்டுவதென்றால் இதைப் படியுங்கள்.

கண்ணாடி விரியன் கதை வேறு மாதிரி. கடித்த இடம் வீங்கும், தாங்க முடியாமல் வலிக்கும், ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் கசியலாம், சிறுநீரகம் பழுதாகும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் விஷம் ஏறாது என்ற நம்பிக்கையால் இங்கேதான் காலே போகிறது. விஷம் ஒரே இடத்தில் தேங்கித் தசையைத் தின்றுவிடும், ரத்த ஓட்டமும் நின்றுவிடும். கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது. மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு அவை வெட்டித்தான் வரும். எலும்பு முறிந்தால் எப்படிக் கட்டை வைத்து அசையாமல் வைப்போமோ அப்படிக் கடிபட்ட கையையோ காலையோ வையுங்கள். நடக்க விடாதீர்கள். 108 வரத் தாமதமானால் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அதைத் தேடும் நேரத்தில் பாதி வழி போய்விடலாம். தலை துண்டான பாம்பும் சிறிது நேரம் வரை கடிக்கும் என்பது அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது.

அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம். நான்கு பாம்புக்கும் சேர்த்து ஒரே மருந்து. அதனால் எந்தப் பாம்பு என்று தெரியவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. அறிகுறியைப் பார்த்தே மருத்துவர் கொடுப்பார். எடுத்தவுடன் பத்துக் குப்பி போலத் தேவைப்படும். சின்னப் பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பாம்பு ஆளைப் பார்த்து அளந்து விஷம் விடுவதில்லை, அந்த விஷத்துக்குத்தான் மருந்து.

அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு நம் செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் இருந்து போகிறது. பாம்புத் தோல் வியாபாரம் தடையானபோது பிழைப்பை இழந்த இருளர்கள், 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வனத்துறை அனுமதியோடு பாம்பைப் பிடித்து, சில வாரம் பானையில் வைத்துச் சில முறை விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்ததுதான் நம் கையில் ஏறும் மருந்து. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். வயலில் எலி பிடிக்க வரும் இருளரிடம் கூலி பேரம் பேசும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரி உட்பட எங்கே பாம்புக்கடி வந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த வட்டாரத்தில் எத்தனை கடி என்று கணக்குத் தெரிந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி வைப்பது என்று தெரியும். உங்கள் ஊர் நிலையத்தில் மருந்து இருப்பு இருக்கிறதா, அடுத்து வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனை எது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிராம சபையில் கேட்கலாம், தப்பில்லை.

வயலில் என்ன செய்வது?

சிறியாநங்கை நட்டால், ஆகாச கருடன் கிழங்கைக் கட்டித் தொங்கவிட்டால், பூண்டுத் தண்ணீரோ பினாயிலோ தெளித்தால் பாம்பு வராதா என்று கேட்டு எழுதுகிறார்கள். சிறியாநங்கை நல்ல மூலிகை, வளருங்கள். அதன் அடியிலேயே பாம்பு படுத்திருக்கும். வீட்டை ஒட்டி விறகையும் செங்கல்லையும் வைக்கோலையும் அடுக்காமல் இருப்பதும், தானியத்தை எலி புகாமல் வைப்பதும்தான் வேலை செய்யும். ஒரு பாம்பை அடித்த இடத்துக்கு இன்னொன்று வந்தால் அது பழிவாங்க வரவில்லை. அதே எலிக்காக வருகிறது.

பாம்புக்கு வெளிக்காது கிடையாது. மகுடிக்கு ஆடுவது இசைக்காக இல்லை, மகுடி அசைவதைப் பார்த்து. ஆனால் தரை அதிர்வைத் தாடை எலும்பு வழியாக நன்றாக உணரும். அதனால் கம்பால் தட்டிக்கொண்டு நடந்தால் சாரையும் நல்ல பாம்பும் பெரும்பாலும் விலகிவிடும். கண்ணாடி விரியனை மட்டும் இதில் நம்பாதீர்கள். அது ஓடாது, சருகு நிறத்தில் சுருண்டு கிடந்து, கிட்டே போனால் குக்கர் மாதிரி சீறும். கம்போடு டார்ச்சும் வேண்டும், முட்டி வரை கம் பூட்ஸும் வேண்டும். கரும்புத் தோகை உரிக்கிறவர்களுக்கும் நிலக்கடலை பறிக்கிறவர்களுக்கும் கையுறை. களத்தில் படுக்க வேண்டியிருந்தால் கயிற்றுக்கட்டில், அதுவும் இல்லையென்றால் கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள். கொசுவுக்கும் ஆகும், கட்டுவிரியனுக்கும் ஆகும்.

பம்புசெட் அறைக்குள் இருட்டில் கையை நீட்டி ஸ்டார்ட்டர் பட்டனைத் தேடுகிற பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. மும்முனை மின்சாரம் நடுராத்திரி வரும் ஊர்களில் அதற்குக் காரணமும் இருக்கிறது. கதவுக்கு வெளியே ஒரு சுவிட்சும் உள்ளே ஒரு எல்இடி பல்பும் போடச் சில நூறு ரூபாய் ஆகும். கதவின் அடி இடைவெளியை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள், பழைய சாக்கு, காலி மருந்து டப்பாக்களை வெளியே எடுங்கள். உள்ளே பாம்பைப் பார்த்துவிட்டால் கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் செய்யுங்கள். அவர்கள் வரும்வரை பக்கத்தில் நின்று யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு நாள் தண்ணீர் தாமதமாகப் பாய்ந்தால் பயிர் தாங்கும்.